ஆறுதலும் ஆற்றுதலும்

தமிழர் வீடுகளில் இன்று மிகுதியாக வழங்கும் சொற்களை எண்ணிப் பார்ப்பவர், 'ரென்சன்' என்னும் சொல்லுக்கு முன்வரிசையில் ஓர் இடம் கொடுத்தே ஆதல் வேண்டும். பரீட்சை எழுதும் பிள்ளைக்கு ரென்சன். அப்பிள்ளையைப் பெற்றவர்க்கு அதனினும் பெரிய ரென்சன். கந்தோரிலிருந்து மீள்பவர் அதனைக் கையோடு வீட்டிற்குக் கொண்டு வருகின்றார். அறிஞர்கள் இதற்கு உளநெருக்கீடு என்றும் மன அழுத்தம் என்றும் நல்ல பெயர்கள் இட்டுள்ளனர். பெயரைத் தமிழாக்கினோமேயன்றி, நோயைத் தணித்தோமில்லை.

அண்மையில் ஒருநாள், எங்கள் கல்லூரியில் ஆசிரியர் கூடும் அறையில் இதுபற்றிப் பேச்சு எழுந்தது. வீட்டை அடைந்ததும் மனத்தின் முறுக்கைத் தளர்த்துவது எவ்வாறு என்பதே பொருள். ஒருவர் மூச்சுப் பயிற்சி என்றார். மற்றொருவர் பழைய பாட்டுக் கேட்டல் என்றார். கிணற்றடியில் 10 வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றினால் எல்லாம் ஓடிவிடும் என்பது மூன்றாமவர் முடிபு. "பண்டிதர் ஐயா, நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று என்னை நோக்கினர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் கேட்டிருந்தால், 'சாய்மனைக் கதிரை' என்று இரு சொல்லில் விடை இறுத்திருப்பேன். இப்போது அவ்வாறு கூற நா எழவில்லை. ஏன் எழவில்லை என்பதை அவ்விடத்தில் விரித்துரைக்க நேரம் போதவில்லை, மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாததை இங்கு சொல்கின்றேன்.

நண்பர்கள் கூறிய வழிகளை நான் இகழேன். மூச்சை மெல்ல மெல்ல வெளியே விடும்போது நெஞ்சின் துடிப்புத் தணிகின்றது என்பதை இன்றைய மருத்துவரும் ஒப்புவர். தண்ணீரும் பாட்டும் உடம்புக்கும் உள்ளத்துக்கும் இதம் தருவன என்பதை அறியாதார் யார்? ஆயினும் இவ்வழிகள் எல்லாம் ஒருவர் தமக்குத் தாமே தேடிக்கொள்ளும் வழிகள். வீடு என்பதோ ஒருவர் அல்லர். நால்வர் வாழும் வீட்டில் ஒருவர் மாத்திரம் இளைப்பாறுதல் கூடுமா? கூடும் என்றே பல்லாண்டு நினைத்திருந்தேன். என் பிழை அங்கேதான் இருந்தது.

ஓய்வு, பராக்கு, ஆறுதல் என மூன்று சொற்கள் நம்மிடம் உள. மூன்றையும் ஒன்றெனக் கொள்வதால் இடர் விளைகின்றது. ஓய்வு என்பது வினை நிற்றல். மழை ஓய்ந்தது என்கின்றோம். கை ஓய்ந்தது என்கின்றோம். பராக்கு என்பது நினைவை வேறொன்றின்மேற் செலுத்துதல். கைத்தொலைபேசியின் திரையை ஒரு மணி நேரம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது பராக்கு. பார்த்து முடிந்தபின் கண் எரிகின்றது. பார்க்கத் தொடங்கியபோது இருந்த கவலை இருந்தவாறே இருக்கின்றது. ஆறுதல் இவ்விரண்டின் வேறு. கொதித்த பால் ஆறுகின்றது. பட்ட புண் ஆறுகின்றது. மூண்ட சினம் ஆறுகின்றது. வெம்மை தணிந்து தன் இயல்பை அடைதலே ஆறுதல். இளைப்பு ஆறுதலே இளைப்பாறுதல்.

இலக்கணம் கற்கும் மாணவர் இங்கு ஒன்றைக் கவனிப்பாராக. 'ஆறு' என்பது தன்வினை. அதன் பிறவினை 'ஆற்று'. பால் ஆறும், தாய் பாலை ஆற்றுவாள். ஆற்றுதல் என்பதற்குச் செய்தல் என்னும் பொருளும் உண்டு. பணி ஆற்றினான், கடமை ஆற்றினாள் என்பன காண்க. இரண்டும் ஒரு வேரினவோ அல்லவோ என்னும் ஆராய்ச்சி ஈண்டு வேண்டா. இரண்டும் ஒரே வடிவில் நிற்கின்றன என்பதே நமக்குப் போதும். ஒருவர் ஆறுவதற்காக இன்னொருவர் ஆற்றிக்கொண்டிருக்கின்றார். வீட்டில் இளைப்பாறுவது எவ்வாறு என்று வினவுவோர் அனைவரும் தன்வினையைப் பற்றியே வினவுகின்றனர். பிறவினைக்கு எழுவாய் யார் என வினவுவார் இலர்.

என்னை அவ்வாறு வினவியவள் ஒரு மாணவி.

குறுந்தொகையின் 167ஆம் செய்யுளை அறியாத தமிழ் மாணவர் இலர். கூடலூர் கிழார் பாடிய முல்லைத்திணைப் பாட்டு அது. புதிதாக மணம் புரிந்தோர் வாழும் மனைக்குச் சென்று மீண்ட செவிலி, தான் கண்டதை நற்றாய்க்குக் கூறுவதாக அமைந்தது. தலைவி தயிரைத் தன் விரல்களாற் பிசைகின்றாள். தாளிதப் புகை கண்ணை நிறைக்கின்றது. தானே முயன்று சமைக்கின்றாள். கணவன் உண்டு, இனிது என்கின்றான். அவள் முகம் சிறிதே மலர்கின்றது. இச்செய்யுளை நான் 25 ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பித்து வருகின்றேன். முகமலர்ச்சியின் நுட்பத்தை விரிக்கும்போது என் குரலிலும் ஒரு மலர்ச்சி தோன்றும் என மாணவர் தமக்குள் நகைப்பதுண்டு.

ஒருநாள் அவ்விரிவுரையின் இறுதியில், பின்வரிசையிலிருந்து அம்மாணவி எழுந்தாள். "ஐயா, அவன் சாப்பிட்டு முடிஞ்ச பிறகு சட்டி கழுவினது ஆர்?" என்றாள்.

வகுப்பு நகைத்தது. நானும் நகைத்து, "உரையாசிரியர் ஒருவரும் அதற்கு விடை எழுதவில்லை, பிள்ளை" என்று கூறி அடுத்த செய்யுளுக்குச் சென்றேன். ஆசிரியருக்கு விடை தெரியாதபோது அடுத்த செய்யுள் எப்போதும் துணை நிற்கும்.

ஆனால் வினா என்னுடன் வீட்டிற்கு வந்துவிட்டது.

என் மனைவியும் ஓர் ஆசிரியை, கணிதம் கற்பிப்பவள். பாடசாலை பிற்பகல் 1.30 மணிக்கு விடும். இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் படலையைத் திறப்போம். அங்கிருந்து வழிகள் பிரியும். நான் விறாந்தையில் என் தந்தையார் விட்டுச்சென்ற சாய்மனைக் கதிரையை அடைவேன். அவள் கைப்பையை வைத்துவிட்டு, சேலையைக்கூட மாற்றாமல் அடுக்களைக்குட் செல்வாள். சற்று நேரத்தில் சோறு வரும். பின்னர்த் தேநீர் வரும். பனங்கட்டித் துண்டொன்றும் உடன் வரும். ஒருவர் 7 பாடவேளை கற்பித்த களைப்பினர். மற்றவரும் அதே களைப்பினர். ஒருவரின் இளைப்பு ஆறியது. மற்றவரின் இளைப்பு எங்கே சென்றது என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. கணக்கு அறிந்தவள் அவள். அக்கணக்கை அவளும் எனக்குக் காட்டினாளில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20ஆம் நாள் மாலை நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது. கொரோனா நோய்க்கு அஞ்சி எல்லாரும் வீட்டினுள் இருந்தோம். நேரம் இல்லை, நேரம் இல்லை என்று அதுவரை புலம்பியவர் அனைவருக்கும் நேரம் கிடைத்தது. இனி இளைப்பாறலாம் என்று நானும் மகிழ்ந்தேன். நிகழ்ந்ததோ வேறு. உயர்தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் ஓர் அறையில், தொலைபேசியை விடாத மகன் இன்னோர் அறையில், நான் கதிரையில். மூன்று நேர உணவும் இடையிடையே தேநீரும் ஓயாமல் வேண்டியிருந்தன. இரண்டு கிழமைக்குள் வீட்டில் எவரும் எவருடனும் இன்முகத்தோடு பேசாத நிலை உண்டாயிற்று.

ஒரு பிற்பகல் நான்காம் முறையாகத் தேநீர் கேட்டேன். அவள் கொண்டுவந்து வைத்தாள். சினந்தாளில்லை. மெல்லச் சொன்னாள்: "எல்லாரும் வீட்டிலை நிக்கிறியள். நான் மட்டுந்தான் வேலையிலை நிக்கிறன்."

அத்தேநீரை நான் குடித்தேனா என்பது நினைவில் இல்லை. அச்சொல் மாத்திரம் நினைவில் இருக்கின்றது.

இஃது என் வீட்டுக் கதை மாத்திரம் அன்று. நம் நாட்டுத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017ஆம் ஆண்டில் மக்கள் தம் நாளை எவ்வாறு கழிக்கின்றனர் என்று ஆராய்ந்தது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஆடவரினும் பெண்டிரே மிகக் கூடுதலான நேரம் செலவிடுகின்றனர் என்பது அவ்வாராய்ச்சியிற் கண்ட உண்மை. இதை அறிவதற்கு ஒரு திணைக்களம் வேண்டுமா என்று பெண்மக்கள் நகைப்பர். வேண்டும். ஏனெனில் கதிரையிற் சாய்ந்திருப்பவருக்கு அடுக்களை தெரிவதில்லை. நம் வீடுகளை அவ்வாறே கட்டியிருக்கின்றோம்.

அடுக்களை எனக்குத் தெரிந்தது 2022ஆம் ஆண்டில். அவ்வாண்டின் பொருளாதார நெருக்கடியில் சமையல் எரிவாயு கிடைக்கவில்லை. மார்ச்சு மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. மூன்று கல் வைத்து அடுப்பை முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். மின்விசிறி நின்றமையால் அறைக்குள் எவரும் இருக்க இயலவில்லை. எல்லாரும் முற்றத்துக்கு வந்தோம். புகை என் கண்ணிலும் பட்டது. 25 ஆண்டு வகுப்பில் விளக்கிய தாளிதப் புகையை அன்றே நான் கண்ணால் அறிந்தேன்.

கண்முன் ஒருவர் அடுப்பூதிக்கொண்டிருக்கச் சும்மா இருப்பது அரிது. மகன் விறகு முறித்தான். மகள் வெங்காயம் உரித்தாள். நான் திருவலையின்மேல் அமர்ந்து தேங்காய் திருவினேன். ஓட்டின் கறுப்பும் சேரத் திருவியதாக முதல் நாளே குற்றச்சாட்டு எழுந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் உண்டோம். கழுவுவனவற்றை ஒரே நேரத்திற் கழுவி முடித்தோம். அதன்பின் செய்வதற்கு ஒருவருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. என் மனைவி முற்றத்து மணலிற் காலை நீட்டி அமர்ந்தாள். மகள் ஏதோ கூற எல்லாரும் சிரித்தோம். அவ்வாறு சேர்ந்து சிரித்து எத்தனை காலம் என்று எண்ணிக்கொண்டேன்.

அக்காலத்தை நான் போற்றுகின்றேன் என்று எவரும் கருதற்க. மருந்துக்கும் எரிபொருளுக்கும் நாள்முழுதும் வரிசையில் நின்ற மக்களின் துன்பம் போற்றுதற்கு உரியதன்று. இருளுக்கும் நான் புதியவன் அல்லேன். 1990ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணம் மின்சாரமின்றிக் கிடந்த காலத்தில், ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிலேதான் இலக்கணமும் இலக்கியமும் கற்றேன். சொட்டுச் சொட்டாக அளந்த மண்ணெண்ணெயில் என் பங்கை மிகுத்து விட்டுத் தான் இருட்டில் சமைத்தவர் என் தாயார். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், சிறுபொழுது மாலை என்று உரத்துப் படித்துக்கொண்டிருந்தேன். மாலை வேளையில் என் தாயார் இருந்ததை நான் ஒருநாளும் கண்டேனில்லை. இப்போது அவர் இல்லை.

மின்சாரம் மீண்டது, எரிவாயு மீண்டது. பிள்ளைகள் அறைகளுக்கு மீண்டனர். நானும் கதிரைக்கு மீண்டேன். மூன்று நாள் கழிந்தது. நான்காம் நாள், நாம் முற்றத்தில் பெற்றதை வீட்டிற்குள் ஏன் பெறலாகாது என்று தோன்றிற்று. அன்று ஒரு விதி வகுத்தோம். அடுக்களை விளக்கு அணைந்த பின்னரே சாய்மனைக் கதிரை விரியும். இவ்வளவே விதி. அதுவரை நால்வருக்கும் வேலை. அதன்பின் நால்வருக்கும் வேலை இல்லை.

எழுதும்போது எளிதாகத் தோன்றும் இவ்விதி முதற்கிழமையில் வீட்டின் நெருக்கீட்டைக் கூட்டியதே அன்றிக் குறைக்கவில்லை. நான் கழுவிய சட்டியை அவள் மீண்டும் கழுவினாள். உப்புப் போத்தலைத் தேடி அவளையே மும்முறை அழைத்தேன். "உமக்கு உதவியாய் இருக்குமெண்டுதானே செய்யிறன்" என்று ஒருநாள் குறைப்பட்டபோது, "உதவியெண்டு சொல்லாதேங்கோ. இது உங்கடை வீடுந்தானே" என்றாள். சொல்லாராய்ச்சியை என்னிடம் கற்றவர் பலர். எனக்கு அதைக் கற்பித்தவள் அவள். உதவி என்பது பிறர் வேலையிற் செய்வது. தன் வேலையைச் செய்வதற்கு அப்பெயர் பொருந்தாது.

இயந்திரங்கள் வந்துவிட்டனவே, பின்னும் ஏன் இளைப்பு என்று வினவுவார் உளர். அம்மி போய் அரைக்கும் இயந்திரம் வந்தது உண்மை. துவைக்கும் இயந்திரமும் சோறு சமைக்கும் இயந்திரமும் பல வீடுகளில் உள. அவை கையின் பாரத்தைக் குறைத்தன. நினைவின் பாரத்தைக் குறைத்தனவல்ல. அரிசி முடியப்போகின்றது, மகனின் வகுப்புக் காசு நாளை கட்ட வேண்டும், மாமியாரின் மாத்திரை இரண்டு நாளுக்கே உண்டு, நாளைக்கு என்ன கறி? இந்நினைவுகளை எந்த இயந்திரமும் சுமவாது. உடம்பு அமர்ந்திருக்க உள்ளம் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தால், மூச்சுப் பயிற்சியும் பாட்டும் என் செய்யும்? ஆகவே வேலையைப் பகிர்ந்தால் மாத்திரம் போதாது. நினைத்தலையும் பகிர்தல் வேண்டும். எங்கள் வீட்டில் அரிசியும் மாத்திரையும் இப்போது என் நினைவிற்கு உரியன. இருமுறை மறந்தேன். மறந்த நாளிலேதான் அப்பாரத்தின் எடை எனக்கு விளங்கியது.

இன்னொரு தடையும் எழுப்புவர். குடும்பத்தவர்க்குச் சமைத்துப் பரிமாறுவதிலேயே இல்லாளுக்கு ஆறுதல் உண்டு. கூடலூர் கிழார் பாடிய முகமலர்ச்சியே அதற்குச் சான்று என்பர். நானும் அவ்வாறே கற்பித்தவன். அச்செய்யுளைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். அது 6 அடிகளால் ஆயது. அவற்றுள் முதல் 4 அடிகளும் அவளுடைய உழைப்பைச் சொல்வன. விரலும் ஆடையும் கண்ணும் புகையும் எல்லாம் அங்கே உள. கணவன் உண்பதற்கு ஓர் அடி. முகமலர்ச்சிக்கு ஓர் அடி. புலவர் உழைப்பைக் கண்டார். கண்டதை முதலில் வைத்தார். நான் அந்த 4 அடிகளையும் அரைப் பாடவேளையில் ஓட்டிவிட்டு, எஞ்சிய இரண்டிற்கு மூன்று பாடவேளை கொடுத்து வந்தேன். குறை பாட்டில் இல்லை, படித்தவனிடத்தில் உண்டு. தன் உழைப்பைக் கண்டவர் ஒருவர் வாயிலிருந்து வந்த சொல் ஆதலின் அவள் மகிழ்ந்தாள். காணாதவர் கூறும் புகழ் எவரையும் ஆற்றாது.

இன்று எங்கள் வீட்டில் அடுக்களை விளக்கு இரவு 8 மணியளவில் அணைகின்றது. சில நாளில் 9 மணியாகும். பரீட்சைக் காலத்தில் விதி குலைவதும் உண்டு. அணைந்தபின் விறாந்தையில் அமர்கின்றோம். தொலைபேசிகள் உள்ளே கிடக்கும். ஒருவர் ஏதேனும் ஒரு புத்தகத்திலிருந்து நாலு பக்கம் வாசிப்பார். சில வேளை எவரும் ஒன்றும் பேசாமல் மல்லிகைப் பந்தரைப் பார்த்திருப்போம். நண்பர் கூறிய மூச்சுப் பயிற்சியை என் மனைவி அவ்வேளையிற் செய்வதுண்டு. அவளுக்கு அது பயன் தருகின்றதாம். முன்னர் ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். மூச்சு விட நேரம் இருக்கவில்லை என்றாள். சாய்மனைக் கதிரையிற் பெரும்பாலும் அவளே சாய்ந்திருக்கின்றாள். என் முதுகுக்கு விறாந்தைச் சுவரே போதுமானது.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் நான் சொல்வது இதுவே. வீட்டில் மன அமைதி தேடுபவர் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்குமுன் அடுக்களையை எட்டிப் பார்க்க. அங்கே ஒருவர் இன்னும் நின்றுகொண்டிருந்தால், அவ்வீட்டில் எவருடைய இளைப்பும் உண்மையில் ஆறவில்லை. சினம் எங்கிருந்தோ ஒருநாள் மூளும், பிள்ளைகள்மேல் விழும், நாம் அதற்கு 'ரென்சன்' என்று பெயரிட்டு மருந்து தேடுவோம்.

வருகின்ற தவணையில் குறுந்தொகை மீண்டும் என் வகுப்புக்கு வருகின்றது. வினா எழுப்பிய மாணவி கல்லூரியை விட்டுச் சென்றுவிட்டாள். இன்று அவளும் எங்கேனும் ஒரு வகுப்பில் கற்பித்துக்கொண்டிருக்கலாம். 167ஆம் செய்யுளை முடித்தபின் இம்முறை நான் சிறிது நேரம் காத்திருப்பேன். எவரும் கேளாவிடின், சட்டி கழுவினது யார் என்று நானே கேட்பேன்.